பார்பரா பிராண்டன் பற்றி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரிய சிந்தனையாளர் ஒருவரோடு கூடவே இருந்து, பிறகு அவருடைய வாழ்க்கையையும் எழுதியவரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மூன்றாவது பத்தியிலேயே அது அந்தச் சிந்தனையாளரின் கதையாக மாறிவிடும். எழுத வந்த ஆள் ஓரமாகப் போய் நின்றுவிடுவார்.

பார்பரா பிராண்டன் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எழுத்தாளரும் தத்துவவாதியுமான அய்ன் ராண்டோடு 1950 முதல் 1968 வரை நெருங்கிப் பழகியவர் அவர். ராண்டின் கருத்துகளைப் பரப்பிய அமைப்பில் நிர்வாகம் பார்த்தார், பாடமும் எடுத்தார். ராண்ட் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய முதல் முழு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கலைக்களஞ்சியத்துக்கோ பத்திரிகைக்கோ கல்லூரி ஆய்வேட்டுக்கோ அவரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றிச் செய்தால், எழுதியதைக் கலைத்து மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1962-இல் வந்த 'ஹூ இஸ் அய்ன் ராண்ட்?', 1986-இல் வந்த 'த பேஷன் ஆஃப் அய்ன் ராண்ட்' ஆகிய இரண்டும் அடிப்படை. முன்னதில் இருப்பது பார்பராவின் ஒரு நீண்ட கட்டுரை. பின்னது முழுக்க அவருடைய நூல். அப்புறம் 1968-இல் ராண்டும் பிராண்டன்களும் பிரிந்தபோது இரு தரப்பும் அச்சிட்டு அனுப்பிய அறிக்கைகள், பார்பராவின் முன்னாள் கணவர் நதானியல் பிராண்டனின் 1989 நினைவுக்குறிப்பு, பிராண்டன்கள் சொன்னதை மறுத்து ஜேம்ஸ் வேலியன்ட் 2005-இல் எழுதிய நூல், 2009-இல் ஜெனிஃபர் பர்ன்ஸும் ஆன் ஹெல்லரும் தனித்தனியாக எழுதிய ராண்டின் வாழ்க்கை வரலாறுகள்.

இவ்வளவும் கிடைக்காவிட்டால் 1986 நூலையும் 2009 நூல்களில் ஒன்றையும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். 1986 நூலை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. அப்படி எழுதினால் பார்பரா தன்னைப் பற்றிச் சொன்னதையே நீங்கள் திரும்பச் சொன்னதாக ஆகிவிடும்.

1. முதலில் பார்பராவுக்குத் தனியாக ஒரு காலவரிசை

ஒரு தாளில் இடது பக்கம் ஆண்டு, வலது பக்கம் நிகழ்வு. ராண்டின் பிறப்பில் தொடங்காதீர்கள். 1929 மே 14, கனடாவின் வின்னிபெக் நகரம், பார்பரா வைட்மன் என்று தொடங்குங்கள். அதே ஊரில் நேதன் புளூமெந்தால் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். இருவரையும் சேர்த்துவைத்தது 1943-இல் வெளியான ராண்டின் 'த ஃபவுண்டன்ஹெட்' நாவல் மேல் இருவருக்கும் இருந்த பித்து.

1950-இல் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் மாணவர்கள். நேதன் ராண்டுக்குக் கடிதம் எழுதுகிறார், அழைப்பு வருகிறது, அவரைத் தொடர்ந்து பார்பராவும் ராண்டின் வீட்டுக்குப் போகிறார். 1951-இல் இருவரும் நியூயார்க் போக, அதே ஆண்டு ராண்டும் அவர் கணவர் ஃபிராங்க் ஓ'கானரும் அங்கே குடிபெயர்கிறார்கள். பார்பரா நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முதுகலை முடிக்கிறார். 1953 ஜனவரியில் திருமணம். மணமக்களுக்குத் துணையாக நின்றவர்கள் ராண்டும் ஓ'கானரும்தான். நேதன் தன் பெயரை நதானியல் பிராண்டன் என்று மாற்றிக்கொண்டது அதற்குப் பிறகே. ஆகவே 1950-இல் நடந்ததை எழுதும்போது 'பிராண்டன் தம்பதியர்' என்று போடாதீர்கள். அடிக்கடி பார்க்கும் பிழை இது.

1957 அக்டோபரில் ராண்டின் 'அட்லஸ் ஷ்ரக்டு' நாவல். 1958-இல் ராண்டின் கருத்துகள் பற்றிய விரிவுரை வகுப்புகள். 1965-இல் தம்பதியர் பிரிவு. 1968-இல் ராண்டோடு முறிவு. 1981-இல் மறு சந்திப்பு. 1982 மார்ச் 6 ராண்ட் மறைவு. 1986-இல் நூல். 2013 டிசம்பர் 11, லாஸ் ஏஞ்சலிஸில் பார்பரா காலமானார்.

இனி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அப்போது பார்பராவுக்கு என்ன வயது என்று எழுதுங்கள். இதைப் பலர் வெட்டி வேலை என்று நினைக்கிறார்கள். செய்து பார்த்தால் தெரியும். முதல் சந்திப்பில் அவருக்கு 20, ராண்டுக்கு 45. கல்யாணத்தின்போது 23. முறிவின்போது 39. தான் வழிபட்ட எழுத்தாளரின் வீட்டுக்குள் 20 வயதில் நுழைந்தவர் அவர் என்பது கண்முன் இருந்தால், 'அவர் ஏன் அப்போதே எதிர்த்துப் பேசவில்லை' என்ற மாதிரியான அவசரத் தீர்ப்புகள் கட்டுரையில் வராது.

2. ஆட்களின் உறவு வரைபடம்

அடுத்தது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரைபடம். ராண்டைச் சுற்றி 1950-களில் ஒரு சிறு வட்டம் இருந்தது. தனிமனிதவாதம் பேசிய அவர்கள் தங்களை விளையாட்டாக 'கலெக்டிவ்' (கூட்டு) என்று அழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான ஆலன் கிரீன்ஸ்பான் அதில் ஒருவர். அவருடைய முதல் மனைவி ஜோன் மிட்செல் பார்பராவின் தோழி. நதானியலின் அக்கா இலேன் இன்னொருவர். லியோனார்ட் பீகாஃப் பார்பராவின் ஒன்றுவிட்ட தம்பி. அவரை ராண்டிடம் கூட்டிப்போனவரே பார்பராதான்.

கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். ராண்ட் தன் சொத்துக்கும் எழுத்துகளுக்கும் வாரிசாக விட்டுச்சென்றது பீகாஃபை. 1985-இல் அய்ன் ராண்ட் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டதும் அவர் முயற்சியில்தான். ராண்டின் தாள்கள் அந்த நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. பார்பராவின் நூலைக் கடுமையாக மறுத்த தரப்பும் அதுவே. ஆக, இதில் பாதி குடும்பத்துக்குள் நடந்த சண்டை. வரைபடம் போடாமல் எழுதுகிறவர்கள் இதைக் கொள்கைச் சண்டையாக மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

3. நூல்களை வெளிவந்த வரிசையில் படியுங்கள்

புதிதாக எழுத வருகிறவர்கள் நேரே 1986 நூலை எடுத்துவிடுகிறார்கள். அது சுவாரஸ்யமான நூல், கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதை முதலில் படித்துவிட்டால், 1962 கட்டுரையை அதன் காலத்தில் நின்று படிக்க முடியாமல் போய்விடும்.

1962 நூலில் நான்கு கட்டுரைகள். மூன்று நதானியலுடையவை, ராண்டின் வாழ்க்கையைச் சொல்லும் நான்காவது பார்பராவுடையது. இதற்காக 1960-61-இல் ராண்டோடு பல மணி நேரம் பேசி ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். ராண்டே தன் இளமையைச் சொல்லும் பதிவுகள் அவை. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் எல்லாருக்கும் ஆதாரமான பொருள். பார்பராவின் பங்களிப்பு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கட்டுரைகளில் இது ஒரு வரிகூடப் பெறாமல் போவது வருத்தமாக இருக்கிறது.

1962 கட்டுரை ராண்டின் ஒப்புதலோடு வந்தது. அதில் விமரிசனம் கிடையாது. இங்கே நின்று ஒரு கணக்கைப் பாருங்கள். 1950-களின் நடுவில் ராண்டுக்கும் நதானியலுக்கும் இடையே காதல் உறவு தொடங்கியது. இருவரின் துணைகளிடமும் சொல்லி, சம்மதம் வாங்கித் தொடங்கிய உறவு. வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. 1962-இல் அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதிய கை, அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டிருந்த மனைவியின் கை. அந்தக் கட்டுரையை இதை மனதில் வைத்துப் படித்தால், ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் பின்னால் எவ்வளவு அடக்கம் தேவைப்பட்டிருக்கும் என்று தெரியும்.

1968 அறிக்கைகளை அடுத்துப் படித்து, பிறகே 1986-க்கு வாருங்கள். அப்போதுதான் அதே ஆசிரியர் 24 ஆண்டுகள் கழித்து எதையெல்லாம் சேர்த்தார், எதைத் திருத்தினார், எதை அப்படியே வைத்துக்கொண்டார் என்று தனித்தனியாகக் குறிக்க முடியும். உங்கள் கட்டுரையின் மையப் பகுதி இந்தக் குறிப்புகளிலிருந்துதான் வரப்போகிறது.

4. கண்டது, கேட்டது, கணித்தது

வழிகாட்டியில் இதுதான் கடினமான படி. அவசரப்படாதீர்கள்.

1986 நூலிலிருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். பார்பரா நேரில் பார்த்தது என்றால் 'கண்டது'. ராண்டோ வேறு யாரோ சொல்லிக் கேட்டது என்றால் 'கேட்டது'. ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று அவரே யூகித்து எழுதியது என்றால் 'கணித்தது'. உடனிருந்தவர் எழுதும் வரலாற்றில் இந்த மூன்றும் ஒரே குரலில் வரும். வாசகருக்கு எல்லாமே நேரில் கண்ட சாட்சி போலத்தான் கேட்கும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ராண்டின் இயற்பெயர் அலீசா ரோசன்பாம். 1926-இல் ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா வந்து சிகாகோவில் உறவினர் வீட்டில் சில மாதங்கள் தங்கினார். அங்கே தன்னிடம் இருந்த ரெமிங்டன் ராண்ட் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்து 'ராண்ட்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார் என்று பார்பராவின் நூல் சொல்கிறது. பல ஆண்டுகள் எல்லாரும் இதையே எழுதினார்கள். படிக்க அழகான கதை.

இப்போது குறி போடுங்கள். 1926-இல் பார்பரா பிறக்கவே இல்லை. ஆக, 'கண்டது' இல்லை. ராண்டின் உறவுக்காரப் பெண் ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்னது. 'கேட்டது' என்று குறி விழுந்ததும் வெளியே சரிபார்க்கத் தோன்ற வேண்டும். சரிபார்த்தால், ரெமிங்டன் ராண்ட் என்ற நிறுவனம் உருவானதே 1927-இல், இரண்டு கம்பெனிகள் இணைந்தபோது. அதற்குள் ராண்ட் சிகாகோவை விட்டு ஹாலிவுட் போய்விட்டார். காப்பகத்தில் உள்ள 1926-ஆம் ஆண்டுக் குடும்பக் கடிதங்களில் ஏற்கெனவே 'ராண்ட்' என்ற பெயர் வருகிறது. கதை நிற்கவில்லை.

இதை வைத்து 'பார்பரா பொய் சொன்னார்' என்று எழுதுவது அடுத்த தவறு. நம்பகமான உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்ன நினைவை அவர் பதிவு செய்தார். அந்த நினைவு தவறாக இருந்தது. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு வாக்கியங்களும் இருக்க வேண்டும்.

'கணித்தது' வகைக்கு ஃபிராங்க் ஓ'கானர் பற்றிய பகுதிகளைப் பாருங்கள். மனைவியின் காதல் உறவு அவரைக் குடிக்குள் தள்ளியது என்று பார்பரா எழுதினார். மறு தரப்பு இதை ஏற்கவில்லை. அவருடைய மௌனத்தைப் பார்பரா பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர், அது 'கண்டது'. மௌனத்துக்குக் காரணம் இதுதான் என்பது 'கணித்தது'. அதே மாதிரி வேதனையை அனுபவித்தவர் என்பதால் அவர் கணிப்புக்கு எடை உண்டு. அதே காரணத்தால், தன் வேதனையை அவர்மேல் ஏற்றிப் பார்த்திருக்கவும் கூடும். எந்தப் பக்கமும் சாயாமல், 'பார்பராவின் கணிப்பில்' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

5. 1968 அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

நதானியலுக்கு வேறொரு இளம்பெண்ணோடு உறவு இருந்தது. அதை ராண்டிடம் பல ஆண்டுகள் மறைத்தார். பார்பராவுக்குத் தெரியும். 1968 ஆகஸ்டில், இனி மறைக்க முடியாது என்ற நிலையில் ராண்டிடம் விஷயத்தைச் சொன்னவர் பார்பராதான். நதானியலோடு ராண்டின் உறவு அன்றே முறிந்தது. பார்பராவும் சில வாரங்களில் வெளியேற்றப்பட்டார்.

ராண்ட் தன் பத்திரிகையில் ஓர் அறிக்கை வெளியிட்டார். கொள்கையிலிருந்து விலகினார்கள், பண விஷயத்தில் நேர்மை இல்லை, தன்னை ஏமாற்றினார்கள் என்று குற்றச்சாட்டுகள். காதல் உறவு பற்றி ஒரு சொல் இல்லை. பிராண்டன்கள் பதில் அறிக்கையைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். அதில் நதானியல், 25 வயது வித்தியாசம் இருப்பதால் ராண்டோடு காதல் உறவு தனக்குச் சாத்தியமில்லை என்று அவருக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்கிறார். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அவர் விரும்பினார், இவர் மறுத்தார் என்று. பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த உறவு இருந்தது என்பதை இந்தப் பதிலும் சொல்லவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் படித்தால் ஒரு தரப்பு மறைத்தது, மறு தரப்பு உண்மை பேசியது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இரு தரப்பும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அதனால் பின்பற்றியவர்கள் காரணமே தெரியாமல் பக்கம் சேர்ந்தார்கள், நண்பர்கள் பிரிந்தார்கள். 1986 நூல் ஏன் அவ்வளவு பெரிய அதிர்ச்சியானது என்பது இது புரிந்தால்தான் விளங்கும்.

சின்னதாக ஒரு சரிபார்ப்பு வேலை: 'அட்லஸ் ஷ்ரக்டு' முதல் பதிப்பில் சமர்ப்பணம் ஃபிராங்க் ஓ'கானருக்கும் நதானியல் பிராண்டனுக்கும். முறிவுக்குப் பிந்தைய பதிப்புகளில் இரண்டாவது பெயர் இல்லை. உங்கள் கையில் இருக்கும் புதிய பிரதியைப் பார்த்து, சமர்ப்பணம் கணவருக்கு மட்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

6. மறுப்பு நூல்களை ஒதுக்காதீர்கள், ஆவணம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

2005-இல் வந்த வேலியன்ட்டின் நூல் பிராண்டன்கள் இருவரையும் நம்பத்தகாதவர்கள் என்று வாதிடுகிறது. அதன் தொனி பிடிக்காமல் பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். ஆனால் ராண்ட் 1967-68-இல் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளை முதலில் அச்சிட்டது அந்த நூல்தான். பார்பரா சொன்ன உறவு உண்மை என்பது ராண்டின் சொந்தக் குறிப்புகளாலேயே அங்கே உறுதியாகிறது. வாதத்தை ஏற்காவிட்டாலும் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

2009 நூல்களில் ஜெனிஃபர் பர்ன்ஸுக்குக் காப்பகம் திறக்கப்பட்டது, ஆன் ஹெல்லருக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே ஒரே நிகழ்வில் இருவரும் மாறுபட்டால், ஆவணம் சார்ந்த விஷயத்தில் பர்ன்ஸை முதலில் பாருங்கள். ராண்டின் அச்சான நாட்குறிப்புத் தொகுப்பை மேற்கோள் காட்டும்போதும் கவனம் வேண்டும். மூலத்தோடு ஒப்பிட்ட பர்ன்ஸ், அதில் பதிப்பாசிரியர் நிறையத் திருத்தியிருப்பதைக் காட்டியிருக்கிறார்.

7. 'லிபர்டேரியன் தத்துவவாதி' என்று ராண்டை எழுதும் முன்

ராண்ட் தன் தத்துவத்துக்கு வைத்த பெயர் ஆப்ஜெக்டிவிசம். அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன்களை அவர் வெளிப்படையாகத் திட்டினார். அவர் நூல்கள்தான் பலரை அந்த இயக்கத்துக்குக் கொண்டுவந்தன என்பதும் உண்மை. 'லிபர்டேரியன்கள் கொண்டாடிய, ஆனால் அந்த அடையாளத்தை மறுத்த' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

8. 1968-க்குப் பிறகும் அவருக்கு 45 ஆண்டுகள் உண்டு

பாதிக் கட்டுரைகள் 1968-இல் நின்றுவிடுகின்றன. முறிவுக்கு 13 ஆண்டுகள் கழித்து, 1981-இல் பார்பரா நியூயார்க்கில் ராண்டின் வீட்டுக்குப் போய் அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ராண்ட் இறந்தார். இந்தச் சந்திப்பைத் தவறவிட்டால், 1986 நூலைப் பழிவாங்கல் என்று எழுதத் தோன்றும். ராண்டின் சாதனைகளையும் தைரியத்தையும் அந்த நூல் மனம்விட்டுப் பாராட்டுகிறது, காயங்களையும் சொல்கிறது.

1999-இல் அந்த நூல் தொலைக்காட்சிப் படமானது. ராண்டாக நடித்த ஹெலன் மிரன் எம்மி விருது பெற்றார். பார்பராவாக ஜூலி டெல்பி. படத்தின் வசனங்களைப் பார்பரா சொன்னவையாக மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்துக்குக் கட்டுரையில் ஒரு வாக்கியம் போதும்.

அவருடைய சொந்தச் சிந்தனைக்கு இடம் கொடுங்கள். திறம்படச் சிந்திப்பது பற்றி, ராண்டின் கருத்துகளைப் பரப்பிய அமைப்பில் இருந்த காலத்தில் அவர் நடத்திய விரிவுரைத் தொடர் அவருடையதே. சிந்திப்பதைப் பழகிக் கூர்மையாக்கிக்கொள்ள முடியும் என்பது அதன் அடிப்படை. அவர் இறந்த பிறகு, 2017-இல் அது நூலாக வந்தது. ராண்டைப் பற்றிய எதுவும் தெரியாதவர்கூடப் படித்துப் பயன்பெறலாம்.

9. எழுதும் வரிசை

குறிப்புகள் தயாரானதும் நடுவிலிருந்து எழுதுங்கள். முதலில் 1962, 1986 நூல்களின் ஒப்பீடு. அடுத்து 1968. அப்புறம் இளமையும் பிற்காலமும். முதல் பத்தியைக் கடைசியாக எழுதுங்கள். முன்பே எழுதினால் 'ராண்டின் காதலரின் மனைவி' என்று தொடங்கத் தோன்றும். கடைசியில் எழுதினால் 'கனடாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர், விரிவுரையாளர், அய்ன் ராண்டின் முதல் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்' என்று தானாக வரும்.

காதல் விவகாரத்துக்கு ஒரு பத்தி, அதிகம் போனால் இரண்டு. அதை விட்டுவிடவும் முடியாது. அவர் எழுத்தைப் புரிந்துகொள்ள அது தேவை. எந்த வாக்கியம் அவர் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையோ அதை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பத்தியின் எழுவாயையும் பாருங்கள். 'ராண்ட் சொன்னார், ராண்ட் எழுதினார், நதானியல் போனார்' என்றே இருந்தால் பத்தியைத் திருப்பி எழுத வேண்டும். 'ராண்ட் 1960-இல் தன் இளமையைப் பற்றிப் பேசினார்' என்பது 'ராண்டை உட்காரவைத்து அவர் இளமையைப் பற்றிப் பார்பரா கேள்விகள் கேட்டார்' என்று ஆனால் போதும், கட்டுரை உரியவரிடம் திரும்பிவிடும்.

10. வெளியிடும் முன்

இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் ராண்டை விரும்பிப் படிப்பவராக இருக்கட்டும். அவர் கோபப்படும் இடங்களில் உங்கள் குறியைத் திரும்பப் பாருங்கள். 'கண்டது' என்றால் அப்படியே விடுங்கள், 'கணித்தது' என்றால் வாக்கியத்தைத் தளர்த்துங்கள். இன்னொருவர் ராண்டின் பெயரையே கேள்விப்படாதவராக இருக்கட்டும். படித்து முடித்ததும் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, பார்பரா பிராண்டன் என்ன வேலை செய்தார் என்று அவரிடம் கேளுங்கள். கணவர் பெயரும் காதல் கதையும் மட்டும் நினைவில் இருந்தால், ஒன்பதாம் படிக்குத் திரும்புங்கள்.